கார்பா, இன்ஜெக்‌ஷனா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினை பிரிச்சு போட்டிருக்கும்போதே எடுக்க வேண்டிய முடிவு

இன்ஜினை பிரிச்சாச்சு, பிளாக் போரிங் போட போயிருக்கு, ஹெட்டு ஒரு பக்கம் கிராங்க் ஒரு பக்கம்னு கிடக்கு, நீங்க ராத்திரி தூங்காம ரெட்டை வெபர் கார்ப் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர், வெபர் ஒரு பிராண்டு) படமா பாத்துட்டு இருக்கீங்க. தெரியும். நானும் அப்படித்தான் பாத்து மயங்கி, மொதல்ல கார்பை வாங்கி அலமாரியில வச்சுட்டு அப்புறமா அதுக்கு ஏத்த மாதிரி இன்ஜின் கட்டலாம்னு கிளம்பின ஆளு. கடைசில அந்த கார்ப் ரெண்டும் வேற ஒருத்தர் வண்டிக்குத்தான் போச்சு.

முதல் தடவை இன்ஜின் கட்டுறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: பெட்ரோல் சிஸ்டம், அதாவது கார்போ, பெட்ரோலை பீச்சி அடிக்கிற இன்ஜெக்‌ஷனோ, அது இன்ஜின் கட்டி முடிச்சப்புறம் மேல மாட்டுற சாமான் இல்ல. வால்வை திறந்து மூடுற கேம்ஷாஃப்ட் (கேம்) ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே அது முடிவாகணும், ஏன்னா கேம், கம்ப்ரஷன், மேனிஃபோல்டு, பம்ப், டேங்க், சார்ஜிங் எல்லாமே அதோட கட்டின மாடு.

மொதல்ல வண்டி எதுக்குன்னு எழுதுங்க

மனசுல நினைச்சா பத்தாது, பேப்பர்ல எழுதுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு ரவுண்டா, தினம் ஓட்டப் போறீங்களா, டிராக்குக்கா, இல்ல ஃபேக்டரில வந்த மாதிரியே இருக்கணும்னு ஆசையா. போட்டியில ஓட்டுறதா இருந்தா அந்த கிளாஸோட ரூல் புக்கை மொதல்ல படிங்க, பழைய வண்டி போட்டிகள்ல என்ன கார்ப் போடலாம் போடக்கூடாதுன்னு அங்கயே இருக்கும், அப்படி இருந்தா உங்களுக்கு பாதி வேலை மிச்சம்.

அதோட ஒரு நேர்மையான கேள்வி, எந்த ஆர்பிஎம்ல நீங்க நிஜமா ஓட்டுறீங்க? ரோட்ல ஓடுற வண்டி பெரும்பாலும் 2000லேர்ந்து 4000க்குள்ளதான் இருக்கும். 7000ல பவர் காட்டுற செட்டப்பை போட்டுட்டு 2500ல திணறிக்கிட்டே போறது யாருக்கும் சந்தோஷம் தராது.

ஹெட்டை பாருங்க, அதுதான் பாதி முடிவை சொல்லும்

புதுசா வர்றவங்க இதைத்தான் அடிக்கடி விட்டுடுறாங்க. உதாரணத்துக்கு எம்ஜிபிங்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ல இருக்கிற பி சீரிஸ் இன்ஜின். நாலு சிலிண்டருக்கு காத்தும் பெட்ரோலும் உள்ள போற இன்லெட் போர்ட்டு ரெண்டே ரெண்டுதான், ரெண்டு சிலிண்டர் ஒரு போர்ட்டை பங்கு போட்டுக்கும். அதுல சிலிண்டருக்கு ஒரு கார்ப் வாய்னு மாட்டி என்ன பண்ண, உள்ள போய் எல்லாம் ஒண்ணாத்தானே சேருது. அதனாலதான் அந்த இன்ஜினுக்கு ரெண்டு எஸ்யூ கார்ப், இல்லன்னா ஒரே ஒரு வெபர் 45 டிசிஓஇ (ரெண்டு வாய் உள்ள கார்ப்) அப்படின்னு முடிச்சுக்கிறாங்க. இன்ஜெக்‌ஷன் போடுறதும் இதுல தலைவலிதான், ஒரு சிலிண்டருக்கு அடிச்ச பெட்ரோலை பக்கத்து சிலிண்டர் திருடிக்கும். மினியோட ஏ சீரிஸ்லயும் இதே கதை.

மாறா லோட்டஸ் ட்வின் கேம் ஹெட்ல சைடு டிராஃப்ட் கார்ப் (பக்கவாட்டுல காத்து இழுக்கிறது) உக்கார்ற குழாய் ஹெட்டோட சேர்த்தே வார்த்திருக்கும், அங்க வெபரோ டெல்லார்ட்டோவோ போடுறது இயல்பு. பின்னாடி ஸ்ட்ராம்பர்க் கார்புக்குன்னே வேற மாதிரி ஹெட்டும் வந்துச்சு, அதனால உங்க கையில இருக்கிறது எதுன்னு பாத்துட்டு பேசுங்க.

கேமையும் பெட்ரோல் சிஸ்டத்தையும் ஒரே நாள்ல முடிவு பண்ணுங்க

ஹாட் கேம்னு சொல்றோமே, டியூரேஷன் அதிகமான, அதாவது வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிற கேம், அது போட்டா ஐடில்ல வேக்யூம் குறையும், இன்டேக்ல காத்து முன்னும் பின்னும் துடிக்கும். இந்த துடிப்பை எந்த சிஸ்டம் தாங்கும் எது தாங்காதுங்கிறதுதான் மொத்த விஷயமும். சிலிண்டருக்கு ஒரு வாய்னு இருக்கிற வெபர் மாதிரி கார்ப் நல்லாவே தாங்கும். எஸ்யூ மிதமான கேம் வரைக்கும் ஒத்துழைக்கும். போஷ் கே-ஜெட்ரானிக்னு ஒரு பழைய இன்ஜெக்‌ஷன், அது சுத்தமா தாங்காது, அதுல காத்து ஒரு தட்டை தூக்குற அளவை வச்சுத்தான் பெட்ரோல் அளவு போகுது, துடிப்பு வந்தா தட்டு ஆட ஆரம்பிச்சுடும். போஷோட இன்னொரு இன்ஜெக்‌ஷன் டி-ஜெட்ரானிக், மேனிஃபோல்டு பிரஷரை வச்சு கணக்கு போடுறது, அந்த கணக்கு ஃபேக்டரி கேமுக்கு மட்டும்தான் சரி.

அதனால ஒரிஜினல் இன்ஜெக்‌ஷனை வச்சுக்கணும்னா கேமும் ஒரிஜினல் பக்கமே இருக்கட்டும். ஹாட் கேம்தான் வேணும்னா ஒரிஜினல் இன்ஜெக்‌ஷனை பத்திரமா பேக் பண்ணி வச்சுட்டு வேற வழி பாருங்க. ரெண்டும் வேணும்னு நின்னா பணம்தான் போகும்.

சரி, என்னென்ன வழி இருக்கு

எஸ்யூ, ஸ்ட்ராம்பர்க், டட்சன் 240இசட்ல வந்த ஹிட்டாச்சி, இதெல்லாம் ஒரே குடும்பம். இன்ஜின் கேக்குற காத்துக்கு ஏத்த மாதிரி உள்ள இருக்கிற பிஸ்டன் மேல ஏறும், அதோட சேர்ந்து ஒரு கூம்பு ஊசி ஜெட்லேர்ந்து வெளிய வரும், பெட்ரோல் வழி பெருசாகும், அவ்வளவுதான். ஒரே ஜெட், ஒரே ஊசி. ரோட்டு வண்டிக்கு இதை அடிச்சுக்க ஆளில்லைன்னு நான் இப்பவும் சொல்லுவேன், கீழ் ஆர்பிஎம்ல இழுவை அருமையா இருக்கும், மைலேஜும் மோசம் இல்ல. மிக்ஸ்சர் பாக்க ஒரு சுலபமான சோதனை இருக்கு: வண்டி சூடானப்புறம் ஐடில்ல பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மாதிரி மெதுவா தூக்குங்க. ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்னா ரிச் (பெட்ரோல் அதிகம்), உடனே விழுந்தா லீன் (பெட்ரோல் கம்மி), லேசா ஏறி பழைய இடத்துக்கே வந்தா சரி. கார்ப் மேல இருக்கிற டேஷ்பாட்ல (பிஸ்டன் சட்டுன்னு ஏறாம தடுக்குற குப்பி) ஆயில் இல்லன்னா ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு திணறல் வரும், பலபேர் அதுக்கு ஊசியை மாத்தி, ஜெட்டை மாத்தி, கடைசில நாலு சொட்டு ஆயில்ல தீர்ந்துபோன கதை நிறைய.

பழைய எஸ்யூ வச்சிருக்கீங்கன்னா த்ராட்டில் ஷாஃப்ட்டை பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா அங்க ஏர் லீக், எவ்வளவு ட்யூன் பண்ணாலும் ஐடில் நிக்காது. ஷாஃப்ட்டும் புஷ்ஷும் மாத்திட்டு புது ஊசி, புது ஜெட், புது ஃப்ளோட் வால்வு போட்டா புது கார்ப் மாதிரிதான். இன்ஜினுக்கு இவ்வளவு செலவு பண்ணிட்டு அம்பது வருஷ கார்பை அப்படியே தூக்கி மாட்டாதீங்க.

அடுத்தது வெபர் டிசிஓஇ, டெல்லார்ட்டோ டிஹெச்எல்ஏ, மிக்குனி சோலெக்ஸ் இந்த வகை. சத்தம் இருக்கே, அது தனி சுகம், ஒத்துக்கிறேன். இதுல சோக்குன்னா குளிருக்கு இழுக்கிற சோக் இல்ல, கார்ப் வாய்க்குள்ள இருக்கிற குறுகலான வளையத்துக்குத்தான் அந்த பேரு, புதுசா வர்றவங்க இதுல குழம்பாதவங்க கிடையாது. 40 டிசிஓஇன்னா வெளி வாய் 40 மில்லிமீட்டர், ஆனா நீங்க நிஜமா தேர்வு பண்ண வேண்டியது உள்ள இருக்கிற சோக் அளவை. 2 லிட்டர் நாலு சிலிண்டர் ரோட்டு இன்ஜினுக்கு 32லேர்ந்து 34 வச்சு ஆரம்பிக்கலாம். பெருசு போட்டா பவர் வரும்னு 38 போட்டீங்கன்னா காத்து வேகம் குறைஞ்சு கீழ் ஆர்பிஎம்ல இழுவை செத்துப்போகும். சோக் அளவை நாலால பெருக்கினா மெயின் ஜெட் ஏறக்குறைய வரும், 34க்கு 135. அதோட 50 கூட்டினா ஏர் கரெக்டர் (பெட்ரோலோட காத்து கலக்குற ஜெட்), 185. இது ஆரம்பம்தான், முடிவு இல்ல.

ஒரு விஷயம் இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. ஊருக்குள்ள ஓட்டுற ஓட்டம் பெரும்பாலும் ஐடில் ஜெட்டும் த்ராட்டில் லேசா திறக்கும்போது பெட்ரோல் விடுற அதோட சின்ன ப்ரோக்ரஷன் ஓட்டைகளும்தான் பாத்துக்குது, மெயின் ஜெட் வேலைக்கு வர்றதே சுமாரா 2500, 3000க்கு மேலதான். ஆனா 2000ல ஒரு இடத்துல வண்டி திணறுனா எல்லாரும் மெயின் ஜெட்டை மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஐடில் ஜெட்டை மாத்துங்க. நான் ஒரு முழு சீசன் இந்த தப்பை பண்ணிருக்கேன்.

மூணாவது, வண்டியோடவே வந்த மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். ட்ரையம்ஃப் டிஆர்5, டிஆர்6ல லூகாஸ், பிஎம்டபிள்யூ 2002 டிஐஐல குகல்ஃபிஷர், 1969லேர்ந்து போர்ஷே 911 இ, எஸ்ல போஷ், அமெரிக்காவுக்கு போன ஆல்ஃபால ஸ்பைகா. இதை கழட்டி குப்பையில போட்டுட்டு கார்ப் மாத்தினவங்க ஒரு காலத்துல ஏராளம், இப்ப அதே சாமானை தேடி அலையுறாங்க. முழுசா இருந்தா, அளக்கத் தெரிஞ்ச ஆளு கிடைச்சா, வச்சுக்கோங்கன்னுதான் சொல்லுவேன், சரியா செட் ஆச்சுன்னா ஆக்சிலரேட்டர் மேல கால் வச்ச உடனே பாயுற சுகம் கார்ப்ல வராது. போஷ், குகல்ஃபிஷர், ஸ்பைகா பம்புகளுக்குள்ள ஒரு முப்பரிமாண கேம் சுத்திக்கிட்டு இருக்கும், அதை அந்த இன்ஜினுக்குன்னே அரைச்சிருப்பாங்க, பம்பை வீட்ல வச்சு திறந்து பாக்கிற வேலை வேண்டாம். லூகாஸ் சிஸ்டம் சுமார் 100 பிஎஸ்ஐல ஓடுது, அதோட பழைய பம்ப் சூடாகி, டேங்க்ல பெட்ரோல் குறைவா இருக்கும்போது ஆவி கட்டி நின்னுடும், அதனால நிறைய பேர் போஷ் பம்புக்கு மாத்திட்டு நிம்மதியா இருக்காங்க.

நாலாவது இன்னிக்கு இருக்கிற எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் பாடின்னு டிசிஓஇ அளவுலயே கிடைக்குது, வெளிய பாத்தா வெபர் மாதிரியே இருக்கும். குளிர்ல ஒரு தட்டுல ஸ்டார்ட் ஆகும், மலை ஏறினாலும் மிக்ஸ்சர் மாறாது. இன்ஜெக்டர் அளவுக்கு கணக்கு ஒண்ணும் பெருசில்ல. பெட்ரோல் இன்ஜின் முழு பவர்ல ஒரு குதிரை சக்திக்கு மணிக்கு சுமார் 227 கிராம் பெட்ரோல் குடிக்கும்னு வைங்க. 150 குதிரைக்கு மணிக்கு 34 கிலோ, அதாவது 46 லிட்டர் மாதிரி. நாலா பிரிச்சா ஒரு இன்ஜெக்டருக்கு நிமிஷத்துக்கு 190 சிசி சொச்சம். இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல திறந்தே வைக்கக்கூடாது, அதனால 240 சிசி இன்ஜெக்டர் வாங்குங்க. 500 சிசி வாங்கினா இன்னும் நல்லதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஐடில்ல அதை அடக்குறது கஷ்டம்.

ஆனா இதுல விக்கிறவங்க சொல்லாத பாதி இருக்கு. கிராங்க்ல 36-1 பல் சக்கரம் (36ல ஒரு பல் இல்லாதது), சென்சார், வயரிங், ஹை பிரஷர் பம்ப், ரிட்டர்ன் லைன், டேங்க்குக்குள்ள தடுப்பு இல்லன்னா தனியா ஒரு சின்ன சர்ஜ் டேங்க் (வளைவுல பெட்ரோல் ஒதுங்கினாலும் பம்புக்கு பெட்ரோல் விடாம கிடைக்க), இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த சிஸ்டம். வெறும் த்ராட்டில் பாடி விலையை மட்டும் பாத்து பட்ஜெட் போட்டவங்க எல்லாரும் நடுவுல நின்னிருக்காங்க. த்ராட்டில் பாடிக்கு ஹாட் கேமும் சேர்ந்தா மேனிஃபோல்டு பிரஷர் சிக்னல் நிலையா வராது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குங்கிறதை வச்சு மேப் (எப்ப எவ்வளவு பெட்ரோல்ங்கிற அட்டவணை) போடணும், அதுக்கு பவர் அளக்கிற டைனோல கூடுதல் நேரம் ஆகும்னு எடுத்துக்கோங்க.

டேங்க்லேர்ந்து இன்ஜின் வரைக்கும் நடந்து பாருங்க

எந்த வழி எடுத்தாலும் பிரஷர் சரியா இருக்கணும். எஸ்யூவுக்கு 3 பிஎஸ்ஐக்குள்ள, வெபருக்கு 2.5லேர்ந்து 3.5, எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனுக்கு சாதாரணமா 43, அதாவது 3 பார். கடையில கிடைக்கிற பொதுவான எலக்ட்ரிக் பம்ப் 5, 6ன்னு அடிக்கும், அதை நேரா வெபர்ல கொடுத்தா ஃப்ளோட் வால்வை தள்ளிட்டு பெட்ரோல் வழிஞ்சு ஓடும், கீழ சூடான எக்ஸாஸ்ட் இருக்கு, மீதியை நான் சொல்ல வேண்டாம். ரெகுலேட்டர் போடுங்க, கேஜ் வச்சு அளந்து பாருங்க, ரெகுலேட்டர் மேல எழுதியிருக்கிற நம்பரை நம்பாதீங்க.

பழைய ரப்பர் ஹோஸ் ஒண்ணு விடாம மாத்துங்க. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, அது பழைய ரப்பரை ஊற வச்சு மாவாக்கிடும், பழைய டேங்க்ல இருக்கிற துருவையும் கோந்தையும் கிளப்பிக் கொண்டுவந்து ஜெட்ல அடைக்கும். ஆர்9னு போட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்க. இன்னொண்ணும் இருக்கு, சுத்த பெட்ரோலுக்கு காத்து விகிதம் 14.7ன்னா (எடையில ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து) 10 சதவீதம் எத்தனால் கலந்ததுக்கு 14.1, அதனால பழைய புக்ல இருக்கிற ஜெட் நம்பரை அப்படியே போட்டா கொஞ்சம் லீனா ஓடும். ஊசியோ ஜெட்டோ ஒரு படி ரிச் பக்கம் போகவேண்டி வரலாம்.

எலக்ட்ரிக் பம்ப் போட்டா இனர்ஷியா ஸ்விட்ச் கட்டாயம் போடுங்க, வண்டி மோதினா பம்பை நிறுத்துறது அதுதான். இதுல பேரம் கிடையாது.

கரண்ட்டை மறந்துடாதீங்க

பழைய பிரிட்டிஷ் வண்டில டைனமோ இருக்கும், லூகாஸ் சி40 முழுசா கொடுத்தா 22 ஆம்பியர், ஐடில்ல அதுவும் கிடையாது. இன்ஜெக்‌ஷன் பம்ப் மட்டுமே 5லேர்ந்து 8 ஆம்பியர் சாப்பிடும், ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்தா பேட்டரி காலி. அதனால இன்ஜெக்‌ஷன்னா ஆல்டர்னேட்டரும் சேர்த்துதான். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடில இணைஞ்ச) வண்டியா இருந்தா, எம்ஜிபியே 1967 வரைக்கும் அப்படித்தான் வந்துச்சு, மொதல்ல அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தாம எந்த எலக்ட்ரானிக் பெட்டியையும் இணைக்காதீங்க, ஒரு நொடில எரிஞ்சுடும்.

இன்ஜின் வெளிய இருக்கும்போதே ஒரு வேலை, எக்ஸாஸ்ட்ல மிக்ஸ்சரை அளந்து சொல்ற வைடுபேண்ட் லாம்டா சென்சாருக்கு ஒரு நட்டு வெல்டு பண்ணி வைங்க, சென்சார் மேல் பக்கமா சாஞ்சு நிக்கிற மாதிரி, கீழ வச்சா தண்ணி தேங்கி போயிடும். கார்ப் வண்டிக்கும் இது வேணும். பிளக் கலரை பாத்து மிக்ஸ்சர் சொல்ற பெரியவங்க இருக்காங்க, மரியாதை உண்டு, ஆனா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நம்பர்தான் தெய்வம்.

முதல் ஸ்டார்ட், இங்கதான் நிறைய இன்ஜின் சாகுது

புது ஃப்ளாட் டாப்பெட் கேம் (தட்டை டாப்பெட் மேல நேரா உரசி ஓடுறது) போட்டிருந்தா, ஸ்டார்ட் ஆன உடனேயே 2000லேர்ந்து 2500 ஆர்பிஎம்ல வச்சு இருபது நிமிஷம் ஓட்டணும், ஐடில்ல விடவே கூடாது, விட்டா கேம் லோப் தேஞ்சுபோகும். அப்ப யோசிங்க, மிக்ஸ்சர் சரியில்லாம வண்டி ஸ்டார்ட் ஆகி நின்னு, திரும்ப ஸ்டார்ட் ஆகி நின்னு, நீங்க அரை மணி நேரம் கிராங்க் பண்ணிக்கிட்டே இருந்தா கேமுக்கு என்ன ஆகும். அதே மாதிரி ரொம்ப ரிச்சா இருந்தா பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலை கழுவிட்டு போயிடும், ரிங் செட் ஆகாது. என் முதல் இன்ஜின்ல இதுதான் நடந்துச்சு, புதுசா கட்டின இன்ஜின் நீலப் புகை விட்டுச்சு, காரணம் புரியறதுக்கு ரெண்டு மாசம், திரும்ப பிரிச்சு ஹோனிங் பண்ணி புது ரிங் போட்டேன், முழுக்க என் அவசரம்தான்.

அதனால என் யோசனை, முடிஞ்சா ஏற்கனவே நல்லா ஓடிக்கிட்டு இருந்த கார்பை மாட்டி முதல் ஸ்டார்ட்டையும் ரன்னிங்-இன்னையும் (புது இன்ஜினை நிதானமா ஓட்டி பழக்குறதை) முடிங்க, புது சிஸ்டத்தை அப்புறம் ஏத்துங்க. புது இன்ஜின், புது பெட்ரோல் சிஸ்டம், புது இக்னிஷன் மூணும் ஒரே நாள்ல வந்தா எது தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அப்படி பழைய கார்ப் இல்லன்னா ஃப்ளோட் பவுலை கையால நிரப்பி வைங்க, இக்னிஷன் டைமிங்கை ஸ்டாட்டிக்கா (இன்ஜின் ஓடாம நிக்கும்போதே) செட் பண்ணி வைங்க, ஆயில் பிரஷர் வர்ற வரைக்கும் பிளக் இல்லாம சுத்துங்க, பக்கத்துல தீயணைப்பான், இன்னொரு ஆளு. அப்புறம்தான் சாவியை தொடுங்க.

ட்யூனிங்

வரிசை மாறக்கூடாது. வால்வு கிளியரன்ஸ், இக்னிஷன் டைமிங், ஏர் லீக் சோதனை, ஃப்ளோட் உயரம், பெட்ரோல் பிரஷர், ரெண்டு கார்ப் இருந்தா காத்து அளவை சமன் பண்றது, இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் மிக்ஸ்சர். பழைய டிஸ்ட்ரிபியூட்டர்ல வெயிட்டும் ஸ்ப்ரிங்கும் இறுகிப்போய் அட்வான்ஸே ஏறாம இருக்கும், அதுக்கு கார்பை குத்தம் சொல்லி எத்தனை ஜெட் மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல.

காத்து பெட்ரோல் விகிதத்துக்கு நான் வச்சுக்கிற நம்பர், ஐடில்ல 13லேர்ந்து 13.5, நிதானமா ஓடும்போது 14 பக்கம், முழுசா மிதிச்சா 12.5லேர்ந்து 13. ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான், மாத்தினதை உடனே நோட்டுல எழுதுங்க, மறுநாள் ஞாபகம் இருக்கும்னு நினைக்காதீங்க. சூடான நாள்ல வண்டியை நிறுத்திட்டு கால் மணி கழிச்சு ஸ்டார்ட் ஆகலன்னா மிக்ஸ்சரை தொடாதீங்க, அது கார்ப்ல பெட்ரோல் கொதிக்கிறது, கார்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இன்சுலேட்டர் பிளாக்கும் எக்ஸாஸ்ட்டுக்கு மேல ஹீட் ஷீல்டும் போட்டா பெரும்பாலும் தீரும்.

முதல் 800 கிலோமீட்டர் ஓடினதும் ரிங் செட் ஆகி இன்ஜின் லேசாகியிருக்கும், வேக்யூம் கூட கொஞ்சம் மாறியிருக்கும், அப்ப ஒரு தடவை வால்வு கிளியரன்ஸ்லேர்ந்து மறுபடி எல்லாம் பாருங்க. ஃப்ளோட் பவுலை கழட்டி அடியில என்ன படிஞ்சிருக்குன்னு விரலால தடவிப் பாருங்க, செம்மண் கலர்ல இருந்தா டேங்க்கை இன்னும் நீங்க சரியா கழுவல.